வெளுத்த கண்ணிமை: ஆடு மாடுகளைப் பீடிக்கும் இரத்தக் கிருமி நோய்கள்

மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் நெடுஞ்சாலையில் நாகமலை புதுக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. நாகம் நீண்டு படுத்தாற்போன்ற கரட்டு மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூருக்கும், இதனைச் சூழ்ந்த கிராமங்களுக்கும், செம்மறியாடும் வெள்ளாடும் தொன்றுதொட்டு உற்ற துணையாக இருந்துவருகின்றன. மலைக்கு வடக்கே வைகைப் பாசனத்து நெல்வயல்கள் உள்ளன. தெற்கிலும் மேற்கிலும், செக்கானூரணி, திருமங்கலம் பக்கங்களில், கண்மாய்ப் பாசன நிலமும் மானாவாரி நிலமும் கலந்து கிடக்கின்றன. அறுவடையான வயலில் கிடை போடுவோர்க்கு எருவின் பொருட்டுக் கூலி கிடைக்கிறது. கிடாய்க்குட்டி விற்ற பணம் பிள்ளைகளின் படிப்புக்கும் கலியாணச் செலவுக்கும் உதவுகிறது. நிலமில்லாத குடும்பத்துக்கு இருபது ஆடுகள் இருப்பின், அவையே பாங்கியில் போட்டுவைத்த முதலாகும்.

அம்முதல் கரைந்துபோகும் வழிகள் பல. கோமாரியும் ஆட்டம்மையும் வந்தால் ஊர் முழுவதும் அறியும். ஓசையின்றி வந்து, ஒன்றிரண்டாக ஆடுகளைக் கொண்டுபோகும் நோய்களும் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் தாய் ஆடு ஒன்று மந்தைக்குப் பின்னால் தங்கத் தொடங்கும். இரண்டு நாள் கழித்து மேய்ச்சலில் நாட்டம் குறையும். கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் செவ்விய நிறம் மாறி வெளிறியிருக்கும். மேய்ப்பவர் அதனைக் குடற்புழு என்று கருதி மருந்து புகட்டுவார். சில ஆடுகள் தேறும், சில தேறா. தேறாதது இறக்குமுன் பாதி விலைக்குக் கசாப்புக்காரரிடம் போகும். அடுத்த வாரம் வேறொன்று பின்தங்கும். இங்ஙனம் ஒரு மழைக்காலத்துள் ஒரு மந்தையின் நல்ல தாய் ஆடுகள் நாலைந்து குறைந்துபோயினும், இன்ன நோயினால் குறைந்தன என்பது வீட்டாருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வெளுத்த கண்ணிமை ஒரு நோயின் பெயரன்று. உடம்பில் இரத்தம் குறைந்ததற்கு அடையாளம் மாத்திரமே. அக்குறைவைப் புழுவும் உண்டாக்கும்; இரத்தத்திலேயே குடியிருக்கும் நுண்ணிய கிருமிகளும் உண்டாக்கும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. எது காரணம் என்பதை ஆட்டின் காதிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தமே பெரும்பாலும் தெரிவித்துவிடும். நோயைக் கொண்டுவந்த உண்ணியோ ஆட்டின்மேல் மட்டுமன்றிப் பட்டியின் சுவர் வெடிப்பிலும் தரையிலும் இருக்கிறது. மந்தையைக் காக்க விரும்புவோர் மனத்திற் கொள்ளவேண்டியவை இவ்விரண்டு உண்மைகளே.

இரத்தத்தில் குடியிருப்பவை

இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு செம்மறியின் உடம்பில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தமே உண்டு. அதற்குச் செந்நிறம் தருவன சிவப்பணுக்கள். மூச்சில் புகும் பிராணவாயுவை உடம்பெங்கும் கொண்டு செல்வது அவற்றின் தொழில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் நாலரைப் பங்கு அளவே செம்மறியின் சிவப்பணுவின் அகலம். மனிதருடைய அணுவோ ஏழரைப் பங்கு அளவினது. இத்துணைச் சிறிய அணுவுக்குள்ளும் புகுந்து வாழும் கிருமிகள் உண்டு. நம் நாட்டில் ஆடு மாடுகளைப் பீடிப்பவற்றுள் நான்கு இனங்கள் முக்கியமானவை.

முதலாவது பபேசியா. இது சிவப்பணுவுக்குள் புகுந்து இரண்டாகப் பிரிந்து பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளிவந்து வேறு அணுக்களைப் பற்றும். உடைந்த அணுக்களின் செந்நிறம் சிறுநீர் வழியே வெளிப்படுவதால், நோய் முற்றிய பிராணி காப்பி நிறமான அல்லது சிவந்த நீரைப் பெய்யும். ருமேனியா தேசத்து விஞ்ஞானியான விக்டர் பாபேஷ் 1888ஆம் ஆண்டில் மாடுகளின் இரத்தத்தில் இதனைக் கண்டறிந்தார். அவர் பெயரே கிருமிக்கும் ஆயிற்று.

இரண்டாவது அனபிளாஸ்மா. தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த அர்னால்டு தைலர் 1910இல் இதனை விவரித்தார். சிவப்பணுவின் ஓரத்தில் மைப்புள்ளி போல் காணப்படும் இது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இது பற்றிய அணுக்களை மண்ணீரல் பழுதானவை என்று கண்டு வடித்தெடுத்து அழித்துவிடும். அணு இரத்த ஓட்டத்தில் உடையாது மண்ணீரலில் அழிவதால், உடம்பு வெளுக்கும், பின்னர் மஞ்சள் பாரிக்கும். ஆயினும் சிறுநீர் சிவப்பதில்லை. பபேசியாவுக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் உள்ள பேதம் இதுவே.

மூன்றாவது அதே தைலருடைய பெயரைத் தாங்கிய தைலேரியா. இது முதலில் வெள்ளணுக்களைப் பற்றி நெரிக்கட்டிகளில் பெருகிப் பின்னரே சிவப்பணுக்களுக்குச் செல்லும். ஆதலால் தோளுக்கு முன்னும் காதுக்குக் கீழும் உள்ள நெரிகள் வீங்குவது இதன் முதற் குறியாகும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்புப் பசுக்களுக்கு இது கொடிது. நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

நான்காவது டிரிப்பனோசோமா. இது அணுக்களுக்குள் புகாமல், இரத்த நீரில் மீன்போல் நெளிந்து நீந்துவது. சர்ரா என்னும் நோய் இதனால் வருவது. இரத்தத்தில் வாழும் இவ்வினக் கிருமி நோயை உண்டாக்கும் என்பது உலகில் முதன்முதல் தெளிவானது நம் துணைக்கண்டத்திலேயாம். 1880இல் பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்திருந்த தேரா இஸ்மாயில்கான் என்னும் ஊரில், குதிரைகளும் ஒட்டகங்களும் மடிவதை ஆராய்ந்த மிருகவைத்திய அதிகாரி கிரிபித் எவான்ஸ், நோயுற்றவற்றின் இரத்தத்தில் இக்கிருமியைக் கண்டார். அக்காலத்து அறிஞர் பலர் அதனை ஒப்பவில்லை. பின்னாளில் கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சர்ராவைப் பரப்புவது உண்ணியன்று. மாட்டீ, குதிரை ஈ முதலிய கடிக்கும் பெரிய ஈக்களே. குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் இது பெரும்பாலும் உயிர்க்கொல்லி. மாடு, எருமை, ஆடுகளில் மறைந்திருந்து மெலிவையும் கன்று வீசுதலையும் உண்டாக்கும். 2000ஆம் ஆண்டில் ஒடிசாவின் நந்தன்கானன் விலங்குக்காட்சிச் சாலையில் பத்துக்கு மேற்பட்ட புலிகள் இந்நோயினால் மடிந்தன என்பதிலிருந்து இதன் வலிமையை உணரலாம்.

மாட்டின் பபேசியாவும் தைலேரியாவும் ஆட்டின் பபேசியாவும் தைலேரியாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையாயினும் வெவ்வேறு இனங்கள். பசுவுக்கு வந்த தைலேரியா பக்கத்தில் கட்டிய செம்மறிக்குத் தாவிவிட்டது என்று பொதுவாகக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் ஒரே தொழுவத்தில் இரண்டையும் அடைத்தால், இரண்டின் உண்ணிகளும் ஒருங்கே பெருகும் என்பது நிச்சயம்.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணியே மாட்டு நோயைப் பரப்புகிறது என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதி மாட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். கற்றவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர், உண்ணியுள்ள மாடுகளையும் உண்ணி நீக்கிய மாடுகளையும் தனித்தனி வயல்களில் அடைத்துச் சோதித்து, 1893இல் அதனை ஐயமற நிறுவினர். அதன்பின் 1906இல் தொடங்கி 1943 வரை அந்நாட்டில் மாடுகளை மருந்து நீர்த் தொட்டியில் முக்கியெடுத்து, மெக்சிகோ எல்லையோரம் தவிர ஏனைய இடங்களில் அவ்வுண்ணியை ஒழித்தனர். மாடும் ஆடும் நாயும் ஒன்றாய்த் திரியும் நம் கிராமங்களில் அத்தகைய ஒழிப்பு எளிதன்று. ஆயினும் உண்ணியின் வாழ்க்கை முறையை அறிந்தவர் அதனை அடக்கிவைக்கலாம்.

இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி, ஆட்டின் மேனியை விட்டு விழுந்து, சுவர் வெடிப்பிலோ சருகின் கீழோ ஒதுங்கி, ஒரே ஈட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடியும். முட்டையிலிருந்து ஆறு கால்களுடைய கடுகளவான குஞ்சு வெளிப்படும். அது ஒரு பிராணியைப் பற்றி இரத்தம் குடித்துத் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மறுபடியும் குடித்து, உரித்து, முதிர்ந்த உண்ணியாகும். மாட்டுண்ணிகளுள் ஒரு வகை இப்பருவங்களை எல்லாம் ஒரே மாட்டின் மேல் மூன்று வாரத்தில் முடித்துக்கொள்ளும். ஆடுகளைப் பற்றும் உண்ணிகளுள் பல, ஒவ்வொரு பருவத்துக்கும் கீழே இறங்கித் தரையிலோ சுவரிலோ தங்கி, மீண்டும் வேறொரு பிராணியை ஏறிப் பற்றுவன. ஆதலின் உண்ணியின் வாழ்நாளில் மிகுந்த பகுதி ஆட்டின்மேல் கழிவதன்று, பட்டியிலேயே கழிவது. பல மாதங்கள் இரையின்றிக் காத்திருக்கவும் அது வல்லது.

நோய்க்கிருமி உண்ணிக்குள் புகுந்தபின் வாளா இருப்பதில்லை, அங்கும் பெருகுகிறது. பபேசியா தாய் உண்ணியின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்லும். தைலேரியா முட்டைக்குச் செல்லாது. குஞ்சில் புகுந்தது இளம் உண்ணியிலும், இளம் உண்ணியில் புகுந்தது முதிர்ந்ததிலும் தொடர்ந்து, அடுத்த பிராணியைக் கடிக்கையில் வெளிப்படும். உண்ணி கடித்தவுடனே தைலேரியா இறங்கிவிடுவதில்லை. கிருமி பக்குவப்பட இரண்டு மூன்று நாட்கள் ஆகும். வாரத்துக்கு இருமுறை ஆடுகளைத் தடவிப் பார்த்து உண்ணிகளை நீக்குவோர் நோயின் பெரும்பகுதியை அங்கேயே தடுத்தவராவர். காது மடலின் உட்புறம், கண்ணோரம், கழுத்துமடிப்பு, முன்கால் இடுக்கு, மடி, விதைப்பை, வாலடி, குளம்புப் பிளவு ஆகிய இவ்விடங்களிலேயே உண்ணி மிகுதியாக ஒட்டியிருக்கும்.

கிடையும் பட்டியும்

நம் முன்னோர் போட்ட கிடை, எருவுக்காக மாத்திரம் ஏற்பட்டதாயினும், உண்ணிக்கும் ஓரளவு மாற்றாக இருந்தது. கிடை ஒரு செய்யில் சில இரவுகள் தங்கி அடுத்த செய்க்கு நகரும். விழுந்த உண்ணி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்போது அங்கே ஆடு இராது. வெயிலும் உழவும் குஞ்சுகளில் பெரும்பகுதியை அழித்துவிடும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வழக்கத்திலும் இந்த நன்மை அடங்கியுள்ளது.

நாகமலைப் பகுதியிலோ நிலைமை மாறிவந்திருக்கிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் குடியிருப்புகள் பெருகி, மேய்ச்சல் நிலம் குறுகியது. பலர் பத்து இருபது ஆடுகளை வீட்டுப் புறக்கடையில் நிலையான கொட்டிலில் அடைக்கின்றனர். பக்கத்திலேயே கலப்புப் பசு ஒன்றும் கட்டியிருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே தரை, ஒரே சுவர், ஒரே கூரை. ஆடு வெளியே போய் வந்தாலும் இரவுதோறும் உண்ணி இருக்கும் இடத்துக்கே திரும்பி வருகிறது. மழைக்காலத்தில் கிடையும் நின்று, மந்தை முழுவதும் ஈரத்தரையில் நெருங்கிக் கிடக்கும்போது உண்ணிக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்கு மருந்து தெளித்துவிட்டுப் பட்டியை அப்படியே விடுவோர் ஒரு மாதத்தில் மறுபடியும் மருந்து தேட நேர்வது இதனாலேயே.

குறிகளைப் பகுத்தறிதல்

கண்ணிமை வெளுத்த ஆட்டைக் கண்டவுடன் குடியானவர் நான்கு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

முதற் கேள்வி, காய்ச்சல் உண்டா என்பது. ஆட்டின் இயல்பான உடற்சூடு பாரன்ஹீட் அளவில் ஏறக்குறைய 102, 103 பாகை. இதனை வெயில் ஏறுமுன் காலையில் பார்க்கவேண்டும். 105க்கு மேல் ஏறினால் இரத்தக் கிருமியையோ வேறு தொற்றுநோயையோ சந்தேகிக்கலாம். குடற்புழுவினால் மாத்திரம் காய்ச்சல் வருவது அரிது.

இரண்டாவது, தாடையின் கீழ் நீர்கோத்த வீக்கம் உண்டா என்பது. அது பெரும்பாலும் நாலாம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் நூற்புழுவின் அடையாளம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கினாற்போல் தோன்றும் அப்புழு ஒன்று, நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு இரத்தத்தைக் குறைக்கும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினந்தோறும் ஐம்பது மில்லிலிட்டர் போகும். ஒன்றரை லிட்டர் உடைய ஆடு எத்தனை நாள் தாங்கும் என்பது கணக்குப் போடாமலே விளங்கும்.

மூன்றாவது, நெரிகள் வீங்கியுள்ளனவா, சிறுநீர் நிறம் மாறியுள்ளதா, உண்ணி ஒட்டியுள்ளதா என்பது. நெரிவீக்கம் தைலேரியாவையும், சிவந்த சிறுநீர் பபேசியாவையும், சிறுநீர் சிவக்காமல் வெளுப்பும் மஞ்சளும் கண்டால் அனபிளாஸ்மாவையும் நினைப்பூட்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும், கால்வீக்கமும், தின்றும் தேறாத மெலிவும், கண்ணில் வெண்படலமும் சர்ராவின் பக்கம் கருத்தைத் திருப்பும்.

நான்காவது, ஆடு எதைத் தின்றது என்பது. கரட்டோரங்களில் வளரும் உண்ணிச்செடியைப் பசியினால் மேய்ந்த ஆடுமாடுகளுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காணும்; வெயில் பட்ட முகமும் காதும் வெந்தாற்போல் உரியும். இதனை இரத்தக் கிருமி என்று கொண்டு ஊசி போட்டால் பயனில்லை. நிழலில் கட்டி உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கண்ணிமையின் நிறத்தை ஐந்து படிகளாக வகுத்துக் காட்டும் வண்ண அட்டை ஒன்று தென்னாப்பிரிக்காவில் உண்டாக்கப்பட்டுப் பல தேசங்களில் வழங்கிவருகிறது. அது நூற்புழுவினால் வெளுத்த ஆட்டைத் தேர்ந்தெடுத்து மருந்து கொடுப்பதற்கு ஏற்பட்டது. நம்மவர் அட்டை இல்லாமலும், நல்ல வெளிச்சத்தில் மந்தையின் சிறந்த ஆட்டு இமையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை தெரியும். எனினும் அட்டையும் ஒப்பீடும் இரத்தக் குறைவின் அளவைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லமாட்டா. ஒரே ஆட்டில் புழுவும் கிருமியும் சேர்ந்திருப்பதும் அபூர்வமன்று. புழு மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் இமை சிவக்கத் தொடங்காவிட்டாலும், காய்ச்சலோடு வெளுப்புக் கண்டாலும், இரத்தத்தைச் சோதிப்பது அவசியம்.

ஒரு துளி இரத்தம்

சோதனை கடினமானதன்று. கால்நடை வைத்தியர் ஆட்டின் காது நுனியில் மயிரை நீக்கி, சாராயப் பஞ்சினால் துடைத்து, உலர்ந்தபின் சிறு நரம்பில் ஊசியால் குத்தி, முதலில் கசியும் துளியைக் கண்ணாடிச் சில்லின் ஒரு முனையில் ஏற்றுக்கொள்வார். மற்றொரு சில்லின் விளிம்பால் அதனை மெல்லிய படலமாக இழுத்துக் காற்றில் உலர்த்துவார். மீதைல் ஆல்கஹாலில் பதப்படுத்திக் கீம்சா சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், சிவப்பணுக்களின் நடுவே கிருமி நீல ஊதாப் புள்ளியாகவோ பேரிக்காய் வடிவமாகவோ வளையமாகவோ தோன்றும்.

இதில் குடியானவர் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, இரத்தம் எடுப்பதற்கு முன் ஊசிமருந்து எதனையும் போடலாகாது. மருந்து பட்டபின் கிருமி இரத்தத்தில் குறைந்து, சோதனையில் அகப்படாமல் போகலாம். இரண்டாவது, காய்ச்சல் ஏறியிருக்கும்போதே ஆட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாவது, இறந்த ஆட்டையும் வீணென்று புதைத்துவிடாது, உடனே தெரிவித்தால், நெரியிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் மாதிரி எடுத்துக் காரணம் காணலாம். ஒன்றின் சாவு மந்தைக்கு உதவும். ஆனால் வாயிலோ மூக்கிலோ ஆசனத்திலோ இரத்தம் கசிந்து திடீரென இறந்த பிராணியை யாரும் அறுக்கக் கூடாது. அது அடைப்பானாக இருக்கக்கூடும்.

மந்தையில் நோய் தணிந்தபின்னும் சில ஆடுகளில் கிருமி சொற்பமாகத் தங்கிவிடும். அவற்றைக் கண்ணாடியில் காண்பது அரிது. இத்தகைய மறைந்த கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். என்னும் முறை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற நிலையங்களில் கையாளப்படுகிறது. வெளியில் திடமாகத் தோன்றும் ஆடும், பிரசவத்திலோ, பட்டினியிலோ, நெடுந்தூரப் பிரயாணத்திலோ தளர்ந்தவுடன், உள்ளே இருந்த கிருமி தலைதூக்கி நோயில் விழும். மழைக்காலத்தில் ஈன்ற தாய் ஆடுகளே அதிகமாக மடிவதற்கு இது ஒரு காரணம்.

சிகிச்சை

ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி மருந்து உண்டு. பபேசியாவுக்கு டைமினசின், இமிடோகார்ப் ஆகியவையும், தைலேரியாவுக்குப் பூபர்வாக்குவோனும், அனபிளாஸ்மாவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளினும், சர்ராவுக்குக் குயினாபிரமின் முதலியனவும் வழங்கப்படுகின்றன. பெயர் தெரிந்துவிட்டதென்று கடையில் வாங்கித் தாமே போடுதல் தவறு. எடைக்குத் தக்க அளவு, போடும் இடம், சினையாடு பாலாடு என்னும் வேறுபாடு, மருந்துக்குப்பின் எத்தனை நாள் பாலும் இறைச்சியும் விலக்கவேண்டும் என்னும் கணக்கு ஆகிய இவை வைத்தியர் பொறுப்பில் உள்ளவை. குறைந்த அளவில் போட்ட மருந்து கிருமியைக் கொல்லாது. எஞ்சிய கிருமிக்கு அம்மருந்தைத் தாங்கும் வல்லமையையே தரும்.

மருந்தினும் குறையாத முக்கியம் உடையது பராமரிப்பு. இரத்தம் குறைந்த ஆட்டை வெயிலில் ஓட்டினாலே மூச்சுத் திணறி விழுந்துவிடும். அதனை நிழலில் நிறுத்தி, தண்ணீரும் பசுந்தழையும் இருக்குமிடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அகத்தி, வேலிமசால், சவுண்டல் ஆகிய தழைகளும், கண்மாய்க் கரையில் உதிரும் கருவேல நெற்றும், சிறிது பிண்ணாக்கும் தாது உப்பும் புதிய இரத்தம் ஊறத் துணைசெய்யும். தேறுவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். மருந்து போட்ட மறுநாளே இமை சிவக்கவில்லை என்று மனம் தளரவேண்டுவதில்லை.

பசுக்களின் தைலேரியாவுக்கு மாத்திரம் நம் நாட்டில் தடுப்பூசி உண்டு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இவ்வித இரத்தக் கிருமிகளைத் தடுக்கும் ஊசி வழக்கத்தில் இல்லை. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, அம்மை ஆகியவற்றுக்குப் போட்ட ஊசி உண்ணி நோயையும் தடுக்கும் என்று எண்ணியிருத்தல் கூடாது.

பட்டியைச் சீர்படுத்தும் முறை

ஆடிமாதத்திலேயே வேலையைத் தொடங்குதல் உத்தமம். சுவரின் வெடிப்புகளைச் செம்மண்ணும் சாணமும் குழைத்தோ, சுண்ணாம்புக் காரையாலோ அடைத்து, இடுப்பளவுக்கு மேல் வரை சுண்ணாம்பு பூசவேண்டும். தரையில் படிந்த புழுக்கையையும் பழைய மண்ணையும் நாலுவிரல் ஆழம் வெட்டியெடுத்து எருக்குழியில் போட்டு மூடினால், மக்கும் சூட்டில் உண்ணியின் முட்டைகள் அழியும். இடவசதியுள்ளவர்கள் இரண்டு பட்டிகள் அமைத்து ஒன்றைப் பல மாதங்கள் காலியாக விட்டு வெயில் காயவிடலாம். இல்லாதவர்கள் தை, மாசி அறுவடைக்குப்பின் மந்தையைக் கிடைக்கு அனுப்பி, அந்த நாட்களில் பட்டியைச் சீர்செய்துகொள்ளலாம். நாட்டுக்கோழி இரண்டு மூன்று பட்டியில் திரிந்தால், உதிரும் உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். பசுவையும் ஆட்டையும் தனித்தனி இடத்தில் கட்டுதல் அவசியம். நாயின் மேலுள்ள உண்ணியையும் கவனிக்கவேண்டும்.

ஆட்டின் மேல் தெளிக்கும் மருந்துகளுள் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் முதலியன வழக்கில் உள்ளன. சீட்டில் கண்ட அளவுக்குக் கூடவும் குறையவும் கலக்கலாகாது. தண்ணீர் குடித்த ஆடுகளுக்குக் காலை வேளையில் தெளிக்கவேண்டும். உச்சிவெயிலிலும் மழையிலும் தெளிக்கலாகாது. பால்குடிக் குட்டிகளுக்கும் சினை முற்றிய ஆடுகளுக்கும் வைத்தியரைக் கேட்டுச் செய்யவேண்டும். அமிட்ராஸைக் குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது. பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீந்ததை ஆட்டின் மேல் பூசுவது சில இடங்களில் காணப்படுகிறது. உண்ணி சாகுமுன் ஆடே செத்துவிடக்கூடிய அவ்வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். மீந்த மருந்து நீரைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கொட்டுவதும் ஆகாது.

பச்சிலை முறையை விரும்புவோர் பூண்டுப் பல் 10, வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, உண்ணி ஒட்டும் இடங்களிலும் சுவர் வெடிப்புகளிலும் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். உண்ணிச்செடி தின்றால் நஞ்சு என்று மேலே கூறியதை நினைவிற்கொண்டு, அரைத்த சக்கையை ஆடு எட்டும் இடத்தில் போடாமல் புதைக்கவேண்டும். உண்ணி மிகுந்து நோயும் கண்டுவிட்டால் பச்சிலையை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

கையால் பிடுங்கும் உண்ணியை நகத்தில் நசுக்குதல் கூடாது. அதன் இரத்தம் மனிதருக்கும் தீங்கு விளைக்கக்கூடும். மண்ணெண்ணெய் ஊற்றிய சிறு டப்பாவில் போட்டுக் கொல்வதே முறை.

சந்தையும் ஊசியும்

நோய் மந்தைக்குள் நுழையும் வாயில்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று சந்தை. திருமங்கலம் போன்ற சந்தைகளில் பல தாலுக்காக்களின் ஆடுகள் கூடுகின்றன. வாங்கிவந்த கிடாயை அன்று மாலையே மந்தையில் சேர்த்தால், அதன் உண்ணியும் உடன் சேரும். மறுபுறமாக, உண்ணியற்ற ஊரில் வளர்ந்த ஆடு உண்ணி நிறைந்த பட்டிக்கு வந்தால், நாட்பட்ட எதிர்ப்புச் சக்தி இல்லாமையால், அதுவே முதலில் விழும். இளமையில் பபேசியாவும் அனபிளாஸ்மாவும் இலேசாகக் கண்டு தேறிய பிராணி பிற்காலத்தில் தாங்கும். முதிர்ந்தபின் முதன்முதல் காணும் பிராணிக்கே அவை கடுமையாகின்றன. ஆதலால் வாங்கிய ஆட்டை ஒரு மாதம் தனியே கட்டி, உண்ணி நீக்கி, இமையும் காய்ச்சலும் பார்த்துவிட்டுச் சேர்ப்பது பணச்செலவற்ற காப்பாகும்.

மற்றொன்று ஊசி. அனபிளாஸ்மா உண்ணியினால் மாத்திரமன்றி, இரத்தம் தோய்ந்த ஊசியினாலும், காயடிக்கும் கத்தியினாலும், காதுவில்லை குத்தும் இடுக்கியினாலும் பரவும். மந்தை முழுவதுக்கும் ஒரே ஊசியினால் மருந்து குத்தும்போது, கிருமி தாங்கிய ஓர் ஆட்டிலிருந்து அது பின்வரும் ஆடுகளுக்கு ஏறலாம். ஆட்டுக்கு ஆடு ஊசி மாற்றும்படி கேட்பது ஆடு உடையவரின் உரிமை. அதற்காகும் செலவு ஓர் ஆட்டின் விலைக்கு முன் ஒரு பொருட்டன்று.

செய்யவேண்டியவற்றின் சுருக்கம்

ஆடி, ஆவணியில் வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு பூசுக. புரட்டாசி முதல் மார்கழி வரை வாரந்தோறும் ஒரு குறித்த நாளில், மந்தையின் எல்லா ஆடுகளின் கீழ் இமையையும் பார்த்து, வெளிறியதைக் கயிறு கட்டி அடையாளம் செய்க. வாரத்துக்கு இருமுறை உண்ணி பார்க்க. வெளுப்போடு காய்ச்சல் இருந்தால், எந்த ஊசியும் போடாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்று காதுத்துளியைச் சோதிக்கச் செய்க. கொண்டுசெல்ல இயலாதவர்கள் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை வைத்திய ஊர்தியை அழைக்கலாம். தை, மாசியில் மந்தையைக் கிடைக்கு அனுப்பிப் பட்டியை வெயிலில் உலர்த்துக.

இவற்றுள் பெரும்பாலானவை பொருட்செலவைக் காட்டிலும் கவனத்தையே வேண்டுவன. மந்தையைக் காலையில் திறந்துவிடும்போது வீட்டுப் பெண்களும் சிறுவர்களுமே ஆட்டின் முகத்தை முதலில் பார்க்கின்றனர். இமையைப் பார்க்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பித்துவிட்டால், பின்தங்கிய ஆட்டைக் கசாப்புக்கு அனுப்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வைத்தியரிடம் அனுப்ப முடியும். அந்த ஒரு வாரமே பெரும்பாலும் ஆட்டின் உயிரைத் தீர்மானிக்கிறது.